கணக்கில் ஏறாத காலடிகள்

சாலையோரத்தில் நின்று வண்டிகளை எண்ணுவோர்க்கு எண்ணிக்கை கிட்டும், காரணம் கிட்டாது. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் செல்வதைக் கண் காணும். அவருள் பணிக்குச் செல்வோர் யார், மருந்து வாங்கச் செல்வோர் யார் என்பதை வீதி சொல்வதில்லை. பயணம் வீதியில் நிகழ்ந்தாலும் அதன் காரணம் வீட்டிலேயே பிறக்கிறது. இவ்வுண்மையை ஒட்டியே 1944ஆம் ஆண்டில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் வீடு தேடிச் சென்று வினவும் பயணக் கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது.

முறை எளியது. எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாது. ஆதலின் சில வீடுகள் சீட்டுக் குலுக்குவது போல விருப்பு வெறுப்பின்றித் தெரிந்தெடுக்கப்படும். அவ்வீட்டார் குறித்த நாளில் எங்கிருந்து எங்குச் சென்றனர், எப்பொழுது, எதற்காக, எந்த ஊர்தியில் என்பன பதிவாகும். அவ்விடைகளைக் கொண்டு ஊர் முழுமைக்கும் கணித்தால் மக்களின் நடமாட்டம் புலனாகும். நகர அளவில் தோன்றிய இம்முறை பின்னர் நாடளாவியதாயிற்று. பிரிட்டன் 1965-66இலும், அமெரிக்கா 1969இலும் தத்தம் முதல் தேசிய ஆய்வை நடத்தின.

ஆனால், பயணம் எனப்படுவது எது? இவ்வினாவிற்கு அளிக்கப்பட்ட விடையிலேதான் சிக்கல் தோன்றியது. 1969ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, நடையையும் மிதிவண்டியையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிரிட்டிஷ் ஆய்வோ குடும்பத்தாரிடம் ஏழு நாள் குறிப்பேட்டை வழங்கியது. எனினும், ஒரு மைலுக்குக் குறைந்த நடையை நாள்தோறும் எழுதுவது பெருஞ்சுமை என்று கருதி, அதனை ஒரு நாள் மட்டுமே பதியச் செய்து, ஏழு நாளுக்குமாகப் பெருக்கிக் கொண்டனர்.

மறதியும் ஒரு பகையாயிற்று. அமெரிக்காவில் நேர்முக வினாவுக்குப் பதிலாக 1990இல் தொலைபேசி வந்தது. நேற்றைய பயணத்தை நினைவிலிருந்து சொல்வோர் சிறு பயணங்களை விட்டுவிடுவது இயல்பு. ஆகவே 1995இல் குறிப்பேடு முன்கூட்டியே அனுப்பப்பட்டது. 2001இல், நடந்து சென்றது உண்டா என்று தனியே நினைவூட்டிக் கேட்டனர். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் சேர்த்துக் கொண்டனர். 1995இல் மொத்தப் பயணங்களுள் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த நடை, 2001இல் 8 விழுக்காட்டிற்கும் மேலாயிற்று. ஆறே ஆண்டுகளில் மக்களின் கால்கள் இவ்வளவு மாறிவிடவில்லை. கேட்கும் முறை மாறியதே பெருங்காரணம்.

சிங்கப்பூரிலும் நிலப் போக்குவரத்து ஆணையம் 2004, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய குடும்பப் பயண ஆய்வுகளை நடத்தியது. எங்கு இரயில் பாதை அமைப்பது, எங்குப் பேருந்துச் சேவையைக் கூட்டுவது என்பனவற்றைத் திட்டமிடுவோர் இத்தகைய எண்களையே நாடுகின்றனர்.

எனவே, விடுபட்ட பயணம் வெறும் எழுத்துப் பிழையன்று. காரோட்டி அலுவலகம் செல்பவரின் பயணம் எளிதில் ஏட்டில் ஏறிவிடுகிறது. பேரனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பாட்டியின் நடையும், கூடையுடன் சந்தைக்குச் சென்று திரும்பும் இல்லத்தரசியின் நடையும் கேட்டால் மட்டுமே வெளிவருகின்றன. கேளாதொழிந்தால் அவர்களுக்கு நிழற்பாதையும் இல்லை, சாலை கடக்கப் போதிய நேரமும் இல்லை. எண்ணப்படாதவர் இல்லாதவராகவே ஆகிவிடுகின்றனர். வினாத்தாள் எழுதுவோரின் பொறுப்பு, சாலை அமைப்போரின் பொறுப்பினும் சிறிதன்று.