தறிக்குழியும் பயிற்சிப் பாயும்: வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மின்ரயில் தடத்திலுள்ள கூடுவாஞ்சேரியில் 1911 ஆகஸ்ட் 14 அன்று ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. 2006 மார்ச் 28 அன்று மறைந்தார். அவரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஞானியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி, தியானத்துக்கான ஆயத்தம் என்ற அளவில் சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. இது நியாயமல்ல. இந்திய உடற்பயிற்சி வரலாற்றில் அம்முறைக்குத் தனியிடம் உண்டு. அதை உணர அவருடைய தத்துவத்தைக் காட்டிலும் அவர் செய்த தொழில்களையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நவீன யோகத்தின் வரலாறு பெரும்பாலும் மைசூர் அரண்மனையிலிருந்து எழுதப்படுகிறது. 1933இல் அங்கே யோகசாலை தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் வடமொழிப் புலமை மிக்கவர். அங்கு வளர்ந்த ஆசன முறையில் அக்காலத்து உடற்பயிற்சிக் கூடங்களின் சாயல் இருப்பதாக யோக ஆய்வாளர் மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். வேதாத்திரி இந்தச் சட்டகத்துக்குள் அடங்குபவர் அல்லர். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அரச ஆதரவு இல்லை. மருத்துவர் கிருஷ்ணாராவிடம் தியானமும் மருத்துவமும் கற்றார். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி தீட்சை பெற்றார். கைத்தறித் துணித் தொழிலை நடத்திக்கொண்டே, குடும்பஸ்தராகவே இதையெல்லாம் செய்தார்.

குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். பாதங்கள் மிதிகளை மாறிமாறி அழுத்தும். ஒரு கை நாடாவை ஓட்ட, மறுகை பலகையை இழுத்து ஊடையை அடிக்கும். கண் பாவிலேயே இருக்கும். ஓர் இழை அறுந்தாலும் உடனே தெரிய வேண்டும். இடுப்பு மட்டும் அசையாது. நாள் முழுதும் சில தசைகளே உழைக்க, மற்றவை மரத்துப்போகும். சிறுவயதிலேயே தறியில் அமர்ந்த ஒருவர் இதைத் தம் உடம்பிலேயே அறிந்திருப்பார்.

இனி அவருடைய பயிற்சி வரிசையைப் பாருங்கள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல். கால்பயிற்சியில் கால்களை நீட்டி உட்கார்ந்து, பாதங்களை அசைத்துச் சுழற்றி, உள்ளங்காலைக் கைவிரல்களால் அழுத்துகிறோம். மகராசனத்தில் படுத்த நிலையிலேயே உடம்பை முறுக்கி இடுப்பையும் முதுகெலும்பையும் இளக்குகிறோம். கை, கால், கண், இடுப்பு: தறி தேய்த்த உறுப்புகளும் தறி முடக்கிய உறுப்புகளும் இந்த வரிசையில் வந்துவிடுகின்றன. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தறியிலிருந்துதான் பயிற்சி பிறந்தது என்று அவர் சொன்னதாக நான் கூறவில்லை. பயிற்சியின் அமைப்பு என்னை இந்த ஊகத்துக்கு இட்டுச் செல்கிறது.

கபாலபதி ஹடயோகத்தில் பழையது, அக்குபிரஷர் சீன மரபு, இதில் அவர் படைத்தது என்ன என்று கேட்கலாம். தேர்விலும் அடுக்கிலும்தான் படைப்பு இருக்கிறது. தலைகீழாக நிற்பதும் உடம்பை வில்லாக வளைப்பதும் இங்கே இல்லை. நாற்பது வயதைக் கடந்த, ஒருநாளும் உடற்பயிற்சி செய்யாத இல்லத்தரசிக்கும் குமாஸ்தாவுக்கும் கைகூடுவது எதுவோ அதுவே அளவுகோலாயிற்று. முதல் உலகப்போரில் பிரிட்டனில் சிறைவைக்கப்பட்ட ஜோசப் பிலாட்டிஸ், முகாமில் அடைபட்டிருந்தோருக்குப் பயிற்சி அளித்தபடியே தம் முறையை வளர்த்தார். அவரும் பயிற்சியின் கூறுகள் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தவரல்லர். யாருடைய உடம்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்பதே ஒரு பயிற்சிமுறையின் அடையாளம்.

வேதாத்திரி கற்பித்த காயகல்பப் பயிற்சியை நான் இதிலிருந்து பிரித்தே பார்க்கிறேன். முதுமையைத் தள்ளிப்போடும் என்ற கூற்றை நிறுவக் கடுமையான மருத்துவச் சோதனை தேவை. அன்பர்களின் அனுபவச் சான்று அதற்குப் போதாது. மூட்டுகளை அசைப்பதற்கும் தசைகளைத் தளர்த்துவதற்கும் அப்படிப்பட்ட பெரிய நிரூபணம் வேண்டியதில்லை.

1958இல் உலக சமுதாய சேவா சங்கம், 1984இல் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் என அமைப்பு விரிந்தது. ஆனாலும் இம்முறை மக்களிடம் வேரூன்றியது அதைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றங்களில்தான். தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்தைச் சுற்றி இன்று தறிச்சத்தம் இல்லை. உட்கார்ந்தே செய்யும் வேலை மட்டும் பெருகிவிட்டது. தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருப்பவருக்கும், சோழிங்கநல்லூரில் கணினியின்முன் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணும் கழுத்தும் இடுப்பும் ஒரேமாதிரிதான் வலிக்கின்றன. நெசவாளர் ஒருவர் வகுத்த பயிற்சியின் தேவை இங்கே குறையவில்லை, கூடியிருக்கிறது.

வேதாத்திரியிடம் நேரில் பயின்ற தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. எந்தப் பயிற்சி எப்போது சேர்ந்தது, எது மாறியது, ஏன் மாறியது என்பதை அவர்கள் வாய்மொழியாகச் சொல்ல முடியும். கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் உள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினரும் உடற்கல்வித் துறையினரும் சேர்ந்து அந்த வாய்மொழிகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.