கொச்சி யூதர்களின் வழிபாட்டு நூல்கள்

கொச்சி, பறவூர், சேந்தமங்கலம், மாளா முதலிய கேரள ஊர்களில் வாழ்ந்த யூதர்கள் ஓதிவந்த எபிரேய ஜெப நூல்களும் பாடல் தொகுப்புகளும் இக்கட்டுரையின் பொருள். இவர்களின் வழிபாட்டு முறைக்கு ஷிங்ளி முறை என்று பெயர். கொடுங்கல்லூரை இவர்கள் ஷிங்ளி என்றே அழைத்தனர். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது.

ஸ்ரீரங்கத்தில் பாஞ்சராத்திரம், திருமலையில் வைகானசம் என்று ஆகமம் வேறுபடுவதுபோல, யூதரிடத்தும் ஊருக்கு ஊர் முறை மாறும். அடிப்படை ஜெபங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பண்டிகைக்கும் திருமணத்துக்கும் உரிய பாடல்களில்தான் அந்தந்த ஊரின் தனித்தன்மை தெரியும்.

பழைய யூத ஜெப நூல்கள் பலவற்றில் கபாலா என்னும் மறைஞான மரபின் தடம் ஆழமாக உண்டு. இறைவனின் பேராற்றல் பத்து நிலைகளில் வெளிப்படுகிறது என்பது அம்மரபின் கொள்கை. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஐசக் லூரியாவும் (1534-1572) அவருடைய சீடர்களும் இதை வழிபாட்டோடு பிணைத்தனர். அதே நகரில் சாலமோன் அல்கபெட்ஸ் இயற்றிய ‘லெகா தோதி’, ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கும் வெள்ளி மாலைப் பாடல். ‘அனா பெகோவாக்’ என்னும் ஜெபம் ஏழு வரியும் 42 சொற்களும் கொண்டது. அச்சொற்களின் முதலெழுத்துகளே இறைவனின் 42 எழுத்துத் திருநாமம் என்பர். பஸ்கா முதல் 49 நாள் எண்ணும் வழக்கத்திலும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நிலைகளின் சேர்க்கை சொல்லப்பட்டது. ஓதுபவர் சொல்லை உச்சரித்தால் மட்டும் போதாது, மனத்தை உரிய நிலையில் நிறுத்தவும் வேண்டும். இந்த மனக்குவிப்பே கபாலா ஜெபத்தின் உயிர்.

இந்த மரபோடு சேர்த்துக் கொச்சியில் நினைக்கப்படும் பெரும்பெயர் நெகேமியா மோத்தா. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கவிஞர், கபாலா ஞானி. இவருடைய முன்னோர் யேமன், இத்தாலி, போலந்து ஆகியவற்றில் எங்கிருந்து வந்தனர் என்பதில் மரபுகள் மாறுபடுகின்றன. இவருடைய எபிரேயப் பாடல்கள் ஷிங்ளி முறையில் இடம்பெற்றன. எபிரேய நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், ஹனுக்கா பண்டிகை தொடங்கும் நாளே, இவருடைய நினைவுநாள். மட்டாஞ்சேரியில் உள்ள இவரது கல்லறையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். பாடல்களின் மொழி புரியாவிட்டாலும் ஒரு கவிஞரை ஓர் ஊரே புனிதராகக் கொண்டாடுவது இந்திய யூத வரலாற்றின் பெருமைக்குரிய செய்தி.

நூல்கள் வந்த வழி ஆம்ஸ்டர்டாம். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியதும் ஆம்ஸ்டர்டாம் யூதரோடு தொடர்பு வலுத்தது. 1686இல் அவர்களுள் ஒருவரான மோசே பெரைரா தெ பைவா கொச்சிக்கு வந்து அங்குள்ள யூதரின் நிலையைக் கண்டார். அவருடைய அறிக்கை 1687இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அவ்வாண்டே அங்கிருந்து நன்கொடையாக நூல்கள் வந்துசேர்ந்தன. அவை வந்த ஆவ் மாதம் 15ஆம் நாளைக் கொச்சி யூதர் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தனர். பின்னர் 1757இலும் 1769இலும் இவர்களுடைய வழிபாட்டுக்கான தொகுப்புகள் ஆம்ஸ்டர்டாமிலேயே அச்சாயின.

பழம்பிரதிகள் அரிதாகிவிட்டதற்குக் காலமும் கரையானும் மட்டும் காரணமல்ல. இறைவன் பெயர் எழுதிய ஏடு கிழிந்துபோனால் எறியாமல் ஒதுக்கிவைத்துப் புதைப்பது யூத வழக்கம். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது எஞ்சிய நூல்கள் பலவும் உடன் சென்றன. பெண்கள் மலையாளத்தில் பாடிய பாடல்களின் கையெழுத்து நோட்டுகளும் அவற்றில் அடங்கும். இந்நோட்டுகளை வெறும் துணைச்சான்றாக ஒதுக்குவது தவறு. எபிரேய நூலுக்கு நிகரான வழிபாட்டு ஆவணங்களாகவே இவற்றைக் கொள்ள வேண்டும். இப்பாடல்களின் ஒலிப்பதிவுகள் எருசலேமின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஷிங்ளி முறையை ஆராய்வோர் அச்சுநூலோடு அவற்றையும் கேட்டாக வேண்டும்.