ராஜநாயக்கனுக்கு ஏன் குருப்பட்டம் கிடைக்கவில்லை?

திருச்சபைக்குள் சாதி பற்றிப் பேசினால், "அது மக்கள் மனதில் இருக்கிறது, தலைமை என்ன செய்யும்?" என்ற பதில் உடனே வரும். இதே பதிலைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியிலும் பார்க்கலாம்.

1706இல் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் மிஷன், 1733இல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்ப் போதகர் என்று நம் பாடநூல்கள் அவரைக் கொண்டாடும். அவர் வேளாளர்.

அதே மிஷனில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். பறையர்; தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்தவர். பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்த தமிழ் வேதாகமப் பகுதிகளைத் தானே படித்து இந்தச் சபைக்கு வந்தவர். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. அங்கே ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியது அவரைப் போன்றவர்கள்தான்.

1741இல் அடுத்த தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. மிஷனரிகள் அவருடைய விசுவாசத்தையோ உழைப்பையோ குறை சொல்லவில்லை. பறையர் ஒருவர் போதகரானால் வேளாளர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள், வீட்டுக்குள்ளும் விட மாட்டார்கள் என்பதுதான் தயக்கம். டியோகோ என்பவருக்குக் குருப்பட்டம் போனது.

கவனியுங்கள், இங்கே யாரும் சாதி சரி என்று வாதாடவில்லை. சபையின் சமாதானம் கெடக்கூடாது என்றார்கள், அவ்வளவுதான். அந்தச் சமாதானத்துக்கான விலையை வேளாளரும் கொடுக்கவில்லை, மிஷனரிகளும் கொடுக்கவில்லை. இவர்கள் லுத்தரின் சீடர்கள் என்பதுதான் வேடிக்கை. லுத்தர் உயிராக நேசித்த கலாத்தியர் நிருபத்தில், புறஜாதியாருடன் பந்தியில் இருந்த பேதுரு தன் ஆட்களுக்குப் பயந்து எழுந்து விலகுகிறார். பவுல் முகத்துக்கு நேரே அவரை எதிர்க்கிறார். தலைமையின் பொறுப்பு என்ன என்று அந்த நிருபத்தைப் படித்தவர்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து ஒருவர் வேறு வழியில் போனார். கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றுக்கடிதம் எழுதினார்: சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக, நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். தனி இருக்கை இல்லை, திருவிருந்தில் முன்பின் இல்லை. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெரும் கலகம். நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலையை இழந்தாலும் பரவாயில்லை, சாதியை விட மாட்டோம் என்றார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்ப்பாளர் பக்கம்தான் நின்றார்.

வில்சனை நான் நாயகனாக்கவில்லை. அவர் ஆளும் நாட்டின் பேராயர். அதிகாரம் அவர் பின்னால் இருந்தது. ஆனால் ஆட்கள் போவார்கள் என்று தெரிந்தும் அவர் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. இழப்பைச் சபையே தாங்கட்டும் என்று முடிவு செய்த தலைமை அது. நம் வரலாற்றில் இது அபூர்வம்.

வெளியேறியவர்களுக்குப் போக்கிடம் இல்லாமலும் போகவில்லை. 1840களில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதி ஒரு சமூக வழக்கம்தான் என்று சொல்லிப் பலரைச் சேர்த்துக்கொண்டது. 1850இல் சென்னையில் மற்ற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் சாதிக்கு எதிராகக் கூட்டாகத் தீர்மானம் போட்டபோதும் லைப்சிக் மட்டும் சேரவில்லை. ஒரு மேய்ப்பர் கதவை அடைத்தால் இன்னொருவர் திறந்து வைப்பார் என்பதை ஆதிக்க சாதியினர் அன்றே கற்றுக்கொண்டார்கள். இன்றும் தனிக் கல்லறை, தனித் தேர் விவகாரங்களில் "கண்டித்தால் வேறு சபைக்குப் போய்விடுவார்கள்" என்று தலைமை தயங்குவதன் வேர் இதுதான்.

ராஜநாயக்கன் 1771இல் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம். கடைசிவரை உபதேசியார்தான். அவர் சேர்த்த சபைகளுக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுக்க ஒவ்வொரு முறையும் வேறொருவர் வரவேண்டியிருந்தது.