மலைநாட்டு மனைக்காவலும் துவக்கும்

தன் மனையையும் மக்களையும் காத்தல் மனிதனுக்கு இயல்பாக அமைந்த கடமையாகும். அக்கடமையை எக்கருவி கொண்டு ஆற்றுவது, அக்கருவி எவர் கையில் இருத்தல் தகும், அதன் உண்மையான விலை யாது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றிலிருந்தே விடை காணவேண்டியிருக்கின்றது. குறைந்த விலையில் ஒரு கைத்துவக்கு வாங்கி வைத்தால் இரவில் கள்வர்க்கு அஞ்ச வேண்டியதில்லை, ஓய்வு நாளிற் குறிபார்த்துச் சுடவும் பழகலாம் என்னும் எண்ணம் இளைஞர் சிலரிடத்து உண்டு. நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் வரலாறு இவ்வெண்ணத்தைப் பற்றி யாது கூறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியரசும் துவக்கும்

துவக்கு என்ற சொல்லும் துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கி மொழியிலிருந்து வந்தவை என்பர். 1505 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த பின்னர் இக்கருவி இத்தீவிற் பெருவழக்காயிற்று. எனினும் நம் நாட்டுக் கொல்லர் நெடுங்காலம் அந்நியர் கையை எதிர்பார்த்திருந்தாரல்லர். சிங்களக் கம்மியர் வார்த்த குழல்களின் அழகையும் உறுதியையும் ஐரோப்பியப் பயணிகளே புகழ்ந்தனர். 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்ற பொருள்களுள், பொன்னும் வெள்ளியும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றும் பெருந்துவக்குகள் இரண்டும் அடங்கும். அவை 2023 ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசினால் இலங்கைக்கு மீள அளிக்கப்பட்டன.

அரண்மனைத் துவக்கு இவ்வாறிருக்க, கிராமத்தான் துவக்கு வேறு பணி செய்தது. சேனைப் பயிரை யானையும் காட்டுப்பன்றியும் அழியாமற் காப்பதே அதன் வேலை. வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடிக்கும் அத்துவக்கு, மண்வெட்டியைப்போல ஓர் உழவுக்கருவியாகவே கருதப்பட்டது. இவ்வுண்மையை உணராத தேசாதிபதி தொறிங்டன் பிரபு 1848 ஆம் ஆண்டில் துவக்கொன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங் வரி விதித்தார். நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் விதித்த வரிகளோடு இதுவும் சேர்ந்து, மாத்தளைக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவனாகிய புரன் அப்பு அவ்வாண்டு ஆகத்து மாதம் 8 ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டான். துவக்கை எவர் வைத்திருக்கலாம் என்பது விலையைப் பற்றிய வினா மட்டுமன்று, ஆட்சியைப் பற்றிய வினாவுமாகும் என்பது அன்றே விளங்கிற்று.

துரைமார் பங்களாவில்

ஆங்கிலேயர் மலைநாட்டிற் புகுந்தபோது துவக்கு முதலில் வேட்டைக் கருவியாகவே அவர்களுடன் வந்தது. மேஜர் றொஜேர்ஸ் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். அவர் 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் உண்டு. அவ்வூரிற் சில ஆண்டுகள் குடியிருந்த சாமுவேல் பேக்கர், 1854 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது வேட்டை நூலில் இம்மலைகளை உலகறியச் செய்தார்.

1869 ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1885 ஆம் ஆண்டிற் புகைவண்டிப் பாதை நானுஓயாவை எட்டியது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள இந்நிலையம் நுவரெலியாவின் வாயிலாயிற்று. காடு குறைந்து தேயிலை நிறைந்ததும் பங்களாத் துவக்கின் பொருளும் மாறிற்று. பல நூறு தொழிலாளர் நடுவே தனித்து வாழும் வெள்ளைத் துரைக்கு அது காவல் எனப்பட்டது. காவலோடு அது அதிகாரத்தின் அடையாளமுமாக நின்றது.

மலிவான கைத்துவக்கு

கைத்துவக்கு மலிவானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயாம். அமெரிக்கராகிய கோல்ட் 1836 ஆம் ஆண்டிற் சுழல்துவக்குக்குத் தம் நாட்டில் உரிமை பெற்றார். இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகரத்து வெப்லி நிறுவனம் 1872 ஆம் ஆண்டிற் சட்டைப்பையில் அடங்கும் புல்டோக் என்னும் குறுந்துவக்கை வெளியிட்டது. பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரக் கம்மியர் அதனைப் பின்பற்றிப் பெருந்தொகையான போலிகளைக் குறைந்த விலைக்கு விற்றனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் காபீல்டு 1881 ஆம் ஆண்டிற் சுடப்பட்டது இவ்வகைத் துவக்கினாலேயே. மனைக்காவலுக்கென விற்கப்படும் பொருள் கொலைக்கும் அவ்வளவு எளிதாகவே உதவும் என்பதற்கு இஃதொரு சான்று.

மேலும், கைத்துவக்கு கற்றற்கு அரிய கருவி. அதன் குழல் குறுகியது. தோளில் தாங்கப் பெறாதது. கை ஒரு பாகை அளவு பிழைப்பின், இருபத்தைந்து யார் தூரத்திலுள்ள இலக்கினின்றும் குண்டு பதினைந்து அங்குலத்துக்கு மேல் விலகிச் செல்லும். பகலிற் களத்தில் நின்று சுடுவோனுக்கே இவ்விடர் உண்டாயின், நள்ளிரவில் உறக்கம் கலைந்து அச்சத்தால் நடுங்குவோன் நிலையைக் கூறவும் வேண்டுமோ? இக்குறையைப் போக்குவது பயிற்சி ஒன்றேயாம். துவக்குக்கு ஒருமுறை விலை கொடுத்தாற் போதும். தோட்டாவுக்கோ சுடுந்தோறும் விலை கொடுக்க வேண்டும். இது பற்றியே குறிபழகுவோர் சிறு தோட்டா இடும் ·22 அங்குலக் குழலை நாடினர். வெப்லி நிறுவனம் 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட காற்றுக் கைத்துவக்கும் வீட்டிலே சிறு செலவிற் பழகுதற்கு உதவியது. எனவே சிக்கனம் கருதுவோன் முதலிற் கணக்கிட வேண்டியது கடைவிலையை அன்று. தோட்டா, பயிற்சி, பூட்டுடைய இரும்புப்பெட்டி, அனுமதிக் கட்டணம் ஆகியவற்றின் மொத்தச் செலவையே.

குறிபயில் களம்

துரைமாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். தனித்தனியே பங்களாக்களில் வைத்த துவக்கைக் காட்டிலும், கூட்டாகப் பயின்ற படையையே அவர்கள் நம்பினர். 1900 ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படை தென்னாபிரிக்கப் போருக்கு ஆளனுப்பியது. 1914 ஆம் ஆண்டில் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குச் சென்று பின் கலிப்பொலிப் போரிலும் பங்குகொண்டது. 1949 ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியரே சேர்க்கப்பட்டனர். தேயிலையை நட்டுப் பறித்த தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. விளையாட்டென்ற முறையிற் குறிபார்த்தல் பொறுமையையும் அடக்கத்தையும் வளர்க்கும் நற்பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மலைகளில் அக்களத்தின் வாயில் ஒரு சாராருக்கே திறந்திருந்தது என்பதை வரலாறு மறைத்தற்கில்லை.

அனுமதிப்பத்திரம்

1915 ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, படையினரும் ஆயுதம் ஏந்திய தொண்டரும் குடிமக்களைச் சுட்ட கொடுமையைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1916 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதி உலகுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே இன்றுவரை துவக்கு அனுமதிக்கு அடிப்படையாயுள்ளது. அனுமதியின்றி எவரும் துவக்கு வைத்திருத்தலாகாது என்பது அதன் சாரம். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆதலின் நம் நாட்டில் இன்ன கைத்துவக்கைத் தெரிவு செய்வது என்னும் வினா, அதை வைத்திருக்க அனுமதி உண்டோ என்னும் வினாவுக்குப் பின்னரே எழும்.

வீட்டில் வைத்த துவக்கு வீட்டையே இடருட்படுத்திய காலமும் உண்டு. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கிளர்ச்சிக்காரர் துவக்குள்ள வீடுகளைத் தேடிச் சென்று அவற்றைப் பறித்தனர். 1980 களின் இறுதியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. காவலுக்கென வாங்கிய பொருளே கள்வரை வாயிலுக்கு அழைத்தது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென அனுமதி பெற்றவர்கள் தங்கள் சுடுகலன்களைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பணித்து, அனுமதிகளை மீளாய்வு செய்ய முற்பட்டது. அனுமதி என்பது அரசு அளிப்பது. அரசு மீளப் பெறக் கூடியதுமாகும்.

லயத்தின் காவல்

இனி, துவக்கில்லாத மனையை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்பது லயம். அம்மனை தொழிலாளிக்குச் சொந்தமன்று; வேலை போயின் வீடும் போகும். ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையில் உள்ளது ஒரு சுவரே. ஆங்கே ஒருவன் சுடும் குண்டு அயலான் குழந்தையையும் தாக்கக்கூடும். லயத்தாருக்குக் காவலாயிருந்தவை நாயின் குரைப்பும், அயலாரின் செவியும், அழைத்த குரலுக்கு எழுந்து வரும் கூட்டுறவுமேயாம்.

லயத்தார் துவக்கை அறிந்ததோ பெரும்பாலும் அதன் முன்புறத்திலிருந்தே. 1940 ஆம் ஆண்டு சனவரி 10 ஆந் தேதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடைபெற்றபோது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அவர் மனைவியின் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். 1977 ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த டெவன் தோட்டப் போராட்டத்திற் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அடுத்து வந்த 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்களும் தாக்கப்பட்டன. 1983 சூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழர் கடைகள் தீக்கிரையாயின.

அந்நாளில் நம்மவர் கையில் ஒரு துவக்கிருந்தால் என்று ஏங்குவோர் உளர். அவ்வேக்கத்தை எள்ளுதல் தகாது. எரியும் வீட்டின் முன் நின்றோர்க்கே அதன் வேதனை தெரியும். எனினும் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வரும்போது, ஒரு கைத்துவக்கின் ஐந்தாறு தோட்டாக்கள் வீட்டைக் காப்பதிலும் வந்தோர் சினத்தைப் பெருக்குதற்கே மிகுதியும் பயன்படும். அன்று தவறியது தனிமனிதனின் குறியன்று. குடிகளைக் காக்கவேண்டிய அரசின் கடமையே தவறிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். ஒன்று, துவக்கின் கடைவிலை அதன் முழுவிலை அன்று. இரண்டு, பயிற்சியும் அனுமதியும் பூட்டும் இல்லாத துவக்கு, காப்பவனுக்கே பகையாகும். மூன்று, இம்மலைகளில் துவக்கு பெரும்பாலும் உடைமையைக் காத்ததேயன்றி உழைப்போனைக் காத்திலது. லயத்து மக்களின் நிலை உயர்ந்தது சங்கத்தாலும் சட்டத்தாலும் கல்வியாலுமே. கோவிந்தனின் மனைவி நீதி கேட்டுச் சென்ற இடம் துவக்குக் கடையன்று, விசாரணை மன்றம். குறிபார்க்க விரும்பும் மாணவன் தக்க ஆசிரியனிடம், முறையான களத்தில், காற்றுத்துவக்குக் கொண்டு பழகுக. மனையைக் காக்க விரும்புவோன் உறுதியான கதவையும் நல்ல அயலையும் முதலில் தேடுக. சொந்தக் காணியில் சொந்த வீடு என்பது மலைநாட்டு மக்களின் நெடுநாட் கோரிக்கை. காக்கத்தக்க மனை ஒன்றை அவர்க்கு உரிமையாக்குதலே மனைக்காவலின் முதற்படியாகும்.