கலம் நெல்லும் ஒரே பந்தியும்
காவிரிப் படுகைத் திருச்சபை வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்

எருசலேம் சங்கம் வகுத்த சில விலக்குகள் நீங்கலாக (அப். 15), உண்ணத்தக்கவை இவை, தகாதவை இவை என்னும் பட்டியல் எதையும் புதிய ஏற்பாடு விசுவாசிகள்மேல் சுமத்தவில்லை. கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டதும் உணவின் வகையைக் குறித்தன்று, ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் தெவிட்ட உண்டதைக் குறித்தே (1 கொரி. 11). ஆகவே, கிறிஸ்தவ விசுவாசம் நல்லுணவிற்கும் உடல்நலத்திற்கும் வழிகாட்டுமோ என வினவுவோர்க்கு, நெல்விளையும் தஞ்சை நாட்டுத் திருச்சபையின் வரலாறு தக்க விடை தருமெனக் கருதுகிறோம்.

1780ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்தது. அதனைத் தொடர்ந்து காவிரிப் படுகையும் பாழாக்கப்பட்டது. தஞ்சைக் கோட்டைக்குள் பசி மிகுந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமற் போகவில்லை. அதனைக் கொண்டுவருவார்தாம் இல்லை. முன்னர்க் கொண்டுவந்தோர்க்கு உரிய கூலியும் விலையும் மறுக்கப்பட்டமையால், அரசரின் வாக்கையோ ஆங்கிலேயரின் வாக்கையோ குடிகள் நம்பவில்லை. அந்நிலையில் மன்னர் துளஜாஜி, 1778 முதல் தஞ்சையில் ஊழியம் செய்துவந்த சுவார்ட்சு ஐயரை நாடினார். அவர் தம் பெயரால் வாக்களித்த ஓரிரு நாட்களுக்குள் 1,000க்கு மேற்பட்ட எருதுகள் கிடைத்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்ததென அவரே எழுதியுள்ளார். வாக்களித்தவண்ணமே அனைவர்க்கும் பணம் கொடுக்கப்பட்டது.

அந்நெல் கோட்டைக் காவற்படைக்கும் உணவாயிற்று என்பதை மறைத்தல் வரலாறாகாது. எனினும் இங்கு நாம் கற்கும் பாடம் தெளிவானது. பஞ்சத்தின் வேர் நிலத்தில் மட்டுமன்று. சொல் தவறுதலிலும் அது இருந்தது. கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய உழவர்கள் பின்னொரு காலத்தில் அவருடைய உறுதிமொழியை ஏற்று ஆயிரக்கணக்கில் மீண்டுவந்து பயிரிட்டதும் இதனை வலியுறுத்துகிறது. நேர்மையான கூலியே நலவாழ்வின் முதல் மருந்து எனலாம்.

ஆயினும் நெல்லைக் கொணர்ந்த சபை பந்தியைப் பகிரக் கற்கவில்லை. ஆலயத்தில் சாதிவாரியாக அமர்வதும் அவ்வாறே திருவிருந்தில் பங்குபெறுவதும் தொடர்ந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையைவிட்டு விலகி நின்றனர். பசித்தவனுக்கு அரிசி அளத்தல் எளிது; அவனுடன் ஒரே இலைவரிசையில் அமர்தல் அரிது. இக்குறையை நம் முன்னோர்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. சபை பிறர்க்குக் கொடுத்தது மட்டுமன்று. பிறரிடமிருந்து பெற்றும் வாழ்ந்தது. தரங்கம்பாடியில் கிரண்ட்லர் ஐயர் தமிழ் மருத்துவ நூற்கருத்துகளைத் தொகுத்து 1711இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழித்துத் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் பயின்றவர். ஆசானை நினைவுகூர்ந்து தம் மருத்துவமனைக்குக் கருணாநிதி வைத்தியசாலை எனப் பெயரிட்டார். ஊர்ப்புறத்தில் பெருந்தோட்டம் அமைத்து மூலிகைகளையும் பயிர்களையும் வளர்த்தார். இசையுலகம் போற்றும் கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டவரும் அவரே. மருந்துடன் பத்தியத்தையும் வற்புறுத்துவது சித்த மருத்துவ மரபு. அதனைப் பிற சமயத் துறவி ஒருவரிடம் கற்றுக்கொள்வதற்கு அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் தடையாயிருக்கவில்லை.

இன்று படுகையின் நிலை வேறு. பஞ்சம் அகன்றது, ஆனால் தவிடு முற்றும் நீங்கத் தீட்டிய அரிசியே மும்முறை உணவாகிவிட்டது. நெல்லைப் புழுக்கிக் குத்தும் முறை தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தை ஓரளவு மணியினுள் சேர்த்துக் காத்தது; மிகுதியாகத் தீட்டுதல் அதனையும் நார்ச்சத்தையும் குறைக்கிறது. நீரிழிவு நம் சபைக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. இங்கும் அயலாரிடம் கற்க வேண்டியது உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் (மறைவு 2018), மாப்பிள்ளைச் சம்பா முதலாக 170க்கு மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் திரட்டினார். உழவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறுவது அங்குள்ள முறை. வாக்கின்மேல் நம்பிக்கை வைத்து விதை பெருகும் இம்முறையில், சுவார்ட்சு ஐயர் காலத்துப் பாடம் மீண்டும் ஒலிப்பதை நாம் காண்கிறோம்.

அறுப்பின் பண்டிகையில் நெற்கதிரைப் பீடத்தருகே வைத்து ஸ்தோத்திரம் செலுத்தும் ஆயர்கள், அவ்வேளையில் மூன்று வினாக்களைத் தம் சபைக்கு முன்வைப்பார்களாக. இதனை அறுத்தவர்க்குக் கூலி முழுமையாகச் சேர்ந்ததா? இன்றைய விருந்தில் யார் யாருடன் அமர்வார்? பந்தியில் நாம் இடும் சோறு உண்பாரின் உடலைப் பேணுமா? இம்மூன்றிற்கும் நேர்மையாக விடை காணும் சபையில், நல்லுணவைப் பற்றித் தனிப் பிரசங்கம் செய்யும் தேவை பெரிதும் குறைந்துவிடும்.