அஞ்சுவதற்கென்று ஓர் இரவு



அச்சம் மனிதனோடு உடன்பிறந்தது. இருளுக்கு அஞ்சியே அவன் விளக்கைக் கண்டான். விலங்குக்கு அஞ்சியே கதவை அடைத்தான். அச்சத்தைப் போக்கிக்கொள்வதற்கே தன் அறிவில் ஒரு பெரும்பகுதியை அவன் செலவிட்டான் எனலாம். அத்தகைய மனிதன் ஆண்டில் சில இரவுகளைத் தேர்ந்தெடுத்து, நண்பர்களைக் கூட்டி, விளக்கைத் தாழ்த்திவைத்து, வேண்டுமென்றே அஞ்சுவதற்கு அமர்கிறானே, அது ஏன்? இந்த வினாவை ஒரு விளையாட்டின் வரலாற்றைக்கொண்டு ஆராய விரும்புகிறேன். அந்த விளையாட்டின் பெயர் ‘ரேவன்லாஃப்ட்’. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு வெளிவந்த முப்பத்திரண்டு பக்கச் சிறு நூல் அது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவதற்குரியது. ஹாலோவீன் என்னும் பருவ இரவில் பிறந்தது.

முதலில் அந்த இரவைப் பற்றிச் சில சொற்கள். பண்டைய அயர்லாந்து மக்களுக்கு நவம்பர் முதல் நாள் குளிர்காலத்தின் வாயில். அறுவடை முடிந்துவிடும், மலைச்சரிவில் மேய்ந்த ஆடுமாடுகள் பட்டிக்குத் திரும்பிவிடும், பகல் குறுகி இருள் நீளும். ‘சவுன்’ என ஒலிக்கும் பெயருடைய அப்பருவ விழாவின்போது இவ்வுலகுக்கும் ஆவியுலகுக்கும் இடையேயுள்ள கதவு திறந்துகொள்ளும் என்பது அந்நாட்டுக் கதைமரபு. பின்னர்க் கிறித்தவ சமயம் பரவியது. மேற்கு ஐரோப்பாவில் 9ஆம் நூற்றாண்டிலே நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாளாக நிலைபெற்றது. அதற்கு முந்திய மாலையே ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காத்லாந்திலும் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கடல் கடந்து அமெரிக்கா சென்றார்கள். விழாவும் அவர்களோடு சென்றது. கிழங்கின் இடத்தை அந்நாட்டில் மிகுதியாக விளைந்த பூசணி பெற்றது.

இருண்ட பருவத்தில் கூடியிருந்து அச்சக்கதை கேட்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலமே பேய்க்கதைக்கு ஏற்ற காலமாகக் கருதப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் எம். ஆர். ஜேம்ஸ் என்னும் பேரறிஞர் தாம் எழுதிய பேய்க்கதைகளை நண்பர்களுக்கு அப்பருவத்தில் படித்துக்காட்டி வந்தார். ஜப்பானியருக்கோ கோடைக்காலமே அதற்குரிய காலம். பல விளக்குகளை ஏற்றிவைத்து, ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒன்றை அணைத்து, நூறாவது கதையோடு முழு இருளை அடையும் ஒரு பழைய விளையாட்டு அவர்களிடம் உண்டு. கதை கேட்பதற்கும் விளையாட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை இது காட்டுகிறது.

நம் வரலாற்றுக்கு நேரடித் தொடர்புடைய கூட்டம் ஒன்று 1816ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் கூடியது. அதற்கு முந்திய ஆண்டில் இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் வீசிய தூசு உலகைச் சூழ்ந்து கதிரவனின் வெம்மையைக் குறைத்தது. ஐரோப்பாவில் அவ்வாண்டு கோடை வந்தும் கோடையாக இல்லை. குளிரும் மழையுமாகவே கழிந்தது. ஏரிக்கரையில் டியோடாட்டி என்னும் மாளிகையில் தங்கியிருந்த கவிஞர் பைரனும் அவருடைய நண்பர்களும் வெளியே செல்ல இயலாமல் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுது போக்கினார்கள். நாம் ஒவ்வொருவரும் ஒரு கதை எழுதுவோம் என்றார் பைரன். அக்கூட்டத்தில் இருந்த பதினெட்டு வயது இளம்பெண் மேரி எழுதத் தொடங்கிய கதையே 1818இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’. பைரனின் மருத்துவர் பாலிடோரி, அவர் பாதியில் விட்ட கதைக் குறிப்பைக்கொண்டு ஒரு கதை எழுதினார். அது 1819இல் அச்சாயிற்று. குருதி குடிக்கும் காட்டேரியை, நாட்டுப்புறக் கதையின் அழுகிய பிணமாகக் காட்டாமல், அழகும் செல்வமும் வாய்ந்த கொடிய பிரபுவாகப் படைத்தது அக்கதை. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ அந்தப் பிரபுவின் வழித்தோன்றலே.

இனி மேசைக்கு வருவோம். பிரஷ்ய நாட்டின் படைத்துறையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் ஒருவரின் தீர்ப்பின்படி போர் நடத்துவது அது. படைத்தலைவர்களைப் பயிற்றுவிக்கப் பிறந்த விளையாட்டு நாளடைவில் பொழுதுபோக்காயிற்று. 1971ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞர் இதில் ஒரு புதுமை செய்தார். ஆடுபவர் படை முழுவதையும் நடத்துவதற்கு மாறாக ஒரே ஒரு வீரனாக நின்று, கோட்டையின் கீழுள்ள நிலவறைக்குள் நுழைவார். ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டார்கள். முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகளே.

இதனை ஆடும் முறை எளிது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக இருப்பர். ‘உங்கள் முன் ஒரு கதவு இருக்கிறது, அதன் பின்னால் ஏதோ முனகல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?’ என்று நடத்துபவர் கேட்பார். திறப்பதா, திரும்புவதா என்பது ஆடுபவர் விருப்பம். முயற்சி வெல்லுமா, தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அதில் வழங்கும் பகடைகளுள் ஒன்றுக்கு இருபது முகங்கள் உண்டு. கதைகேட்கும் கூட்டத்தில் எல்லாரும் கதைக்கு வெளியே இருக்கிறார்கள். இங்கோ எல்லாரும் கதைக்கு உள்ளே இருக்கிறார்கள்.

தொடக்க காலத்து நிலவறைகளில் ஒரு குறை இருந்தது. ஓர் அறையில் ஓர் அரக்கன், அடுத்த அறையில் ஒரு பாம்பு, அதற்கடுத்த அறையில் ஒரு பேய் என்று காரணமின்றி அவை நின்றுகொண்டிருக்கும். டிரேசி ஹிக்மன் என்னும் இளைஞர் ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கையில், அத்தகைய ஓர் அறையில் ஒரு காட்டேரி எதிர்ப்பட்டது. இது இங்கு ஏன் இருக்கிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. எங்கிருந்து வந்தது? எதை விரும்புகிறது? எப்படி இந்நிலையை அடைந்தது? வரலாறு கற்பவர் யாரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே அல்லவா? அவரும் அவர் மனைவி லாரா ஹிக்மனும் சேர்ந்து விடை தேடினார்கள். தாங்கள் புனைந்த கதையை ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் நண்பர்களோடு ஆடிப் பார்த்து, பல ஆண்டுகள் திருத்தி, அதன்பின்னரே அச்சுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கதை இது. பரோவியா என்னும் மலைநாட்டை மூடுபனி சூழ்ந்திருக்கிறது. உள்ளே வந்தவர் வெளியேற முடியாது. அங்கே ரேவன்லாஃப்ட் கோட்டையில் ஸ்ட்ராட் என்னும் பிரபு வாழ்கிறான். போரிலே இளமையைக் கழித்த அவன், தாத்தியானா என்னும் பெண்ணை விரும்பினான். அவளோ அவன் தம்பி செர்கையை விரும்பினாள். பொறாமை கொண்ட ஸ்ட்ராட் சாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, திருமண நாளன்று தன் தம்பியைக் கொன்றான். அவள் அவனிடமிருந்து தப்பி ஓடிக் கோட்டை மதிலிலிருந்து விழுந்தாள். அவன் சாகாத காட்டேரியானான். பல தலைமுறைகளுக்குப் பின்னும், அவள் முகச்சாயல் கொண்ட வேறொரு பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கிறான்.

நூலின் அமைப்பிலே இரண்டு செய்திகள் என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று, சீட்டுக்கட்டு. ஆட்டத்தில் குறிசொல்லும் முதியவள் ஒருத்தி சீட்டுகளை விரிக்கிறாள். காட்டேரியை வெல்லும் கருவிகள் கோட்டையில் எங்கே இருக்கின்றன, அவன் எங்கே காத்திருக்கிறான், அவனுடைய நோக்கம் என்ன என்பவற்றை அச்சீட்டுகளே முடிவு செய்கின்றன. ஆகவே ஒரு முறை ஆடியவர்கள் அடுத்த ஹாலோவீனில் மீண்டும் ஆடினாலும் கதை புதிதாக இருக்கும். ஆண்டுதோறும் திரும்பி வரும் பருவத்துக்கு ஏற்ற பொருத்தமான உத்தி இது.

மற்றொன்று, தேடவேண்டிய பொருள்களின் தன்மை. ஒரு புனிதச் சின்னம், ஒளி வீசும் ஒரு வாள், இவற்றோடு ஒரு புத்தகம். அப்புத்தகம் ஸ்ட்ராட் தன் வாழ்வைத் தானே எழுதிவைத்த குறிப்பு. கொடியவனை எதிர்க்கச் செல்பவர் வாளைத் தேடுவது இயல்பு. அவன் வரலாற்றையும் தேடிப் படிக்கவேண்டும் என்று வைத்ததிலேதான் ஹிக்மன் தம்பதியரின் நுண்ணறிவு விளங்குகிறது. அதைப் படித்தவர் அவனுக்காக இரங்கலாம். ஆயினும் அவன் செய்த கொலையை மறக்க இயலாது. 2016இல் இக்கதையின் விரிவான புதிய பதிப்பு ‘ஸ்ட்ராடின் சாபம்’ என்னும் பொருள்படும் பெயரில் வந்தபோது, டிரேசி ஹிக்மன் அதன் முன்னுரையில் ஒரு கவலையைத் தெரிவித்தார். காட்டேரியை அன்பினால் திருத்தத்தக்க காதலனாகக் காட்டும் கதைகள் பெருகிவிட்டன; கொடுமை செய்பவனை அன்பு மாற்றிவிடும் என்பது இளையோரை ஏமாற்றும் பொய் என்பது அவர் கருத்து. பேய்க்கதைக்குள் இருக்கும் பேய் பெரும்பாலும் மனிதனே என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

அச்சத்தை விதிகளுக்குள் அடக்கிய வேறொரு விளையாட்டையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1981இல் சாண்டி பீட்டர்சன் என்பவர், எச். பி. லவ்கிராஃப்ட் எழுதிய கதைகளை அடிப்படையாகக்கொண்டு ‘கால் ஆஃப் கதுலு’ என்ற விளையாட்டை அமைத்தார். மற்ற ஆட்டங்களில் வீரன் நாளுக்கு நாள் வலிமை பெறுவான். இதில் ஒவ்வொருவருக்கும் மனத்தெளிவுக்கு ஓர் எண் உண்டு. காணத்தகாததைக் காணும்போதும், அறியத்தகாததை அறியும்போதும் அந்த எண் குறையும். அறிவுக்கு விலை உண்டு என்பதைப் பகடையால் உணர்த்தும் விளையாட்டு அது.

இவ்விளையாட்டுகளுக்கு எதிர்ப்பும் எழுந்தது. ரேவன்லாஃப்ட் வெளிவந்த அதே 1983ஆம் ஆண்டில், இவை பிள்ளைகளைப் பில்லிசூனியத்துக்கும் தற்கொலைக்கும் தூண்டுகின்றன என்று குற்றஞ்சாட்டி அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றியது. 1985இல் தொலைக்காட்சியும் இவ்வழக்கை நாடு முழுதும் பரப்பியது. பின்னர் நடந்த ஆய்வுகள் அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவில்லை. எனினும் 1989இல் வந்த புதிய விதிநூலில், பேய்களையும் அசுரர்களையும் குறிக்கும் வழக்கமான ஆங்கிலச் சொற்களை நீக்கிவிட்டார்கள் பதிப்பாளர்கள்; பின்னர் வேறு பெயர்களை வைத்தார்கள். அச்சத்தை விளையாட்டாக ஆடியவர்கள் அமைதியாக இருந்தார்கள். அதனை வெளியிலிருந்து பார்த்தவர்களே அஞ்சினார்கள் என்பது இவ்வரலாற்றின் ஒரு முரண்.

ஆனால் அந்தப் பெற்றோரின் கவலையை நகைத்து ஒதுக்குவதும் முறையன்று. விளையாட்டு எது, மெய் எது என்னும் எல்லை தெரியாதபோது அச்சம் கேடாகக்கூடும். வானொலியின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஹாலோவீனுக்கு முந்திய இரவு, ஆர்சன் வெல்ஸ் என்னும் இளங்கலைஞர் அமெரிக்க வானொலியில் ஒரு நாடகம் நடத்தினார். செவ்வாய்க்கோளிலிருந்து படையெடுத்து வருவோரைப் பற்றிய கதை அது, எச். ஜி. வெல்ஸின் நாவலைத் தழுவியது. நாடகத்தின் முற்பகுதி செய்தியறிக்கை போலவே அமைந்திருந்தது. தொடக்க அறிவிப்பைக் கேளாமல் இடையில் வானொலியைத் திருப்பியவர்களுள் சிலர் மெய்யென்றே நம்பிக் கலங்கினார்கள். நாடே ஓடிற்று என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியது மிகை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கின்றனர். ஆயினும் கலங்கியவர் கலங்கியதற்குக் காரணம் ஒன்றே: இது ஆட்டம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மேசை விளையாட்டிலோ அந்த அறிவிப்பு ஒருபோதும் மறைவதில்லை. பகடை கண்முன் கிடக்கிறது. விதிகள் எல்லாருக்கும் பொது. அஞ்சுபவரின் இருபுறமும் நண்பர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் எழுந்துவிடலாம். இவை இருந்தால் அச்சம் பயிற்சியாகிறது. இவை இல்லையேல் அதுவே கொடுமையாகிறது. தம்மினும் சிறியவனை இருட்டறையில் அடைத்து அச்சுறுத்துவதை ‘விளையாட்டு’ என்று சொல்லும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1816இல் மழைக்கு ஒதுங்கிய நண்பர்கள் கூடியது சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில். 167 ஆண்டுகளுக்குப் பின் ரேவன்லாஃப்ட் நூலை வெளியிட்ட நிறுவனம் இருந்த ஊர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ‘லேக் ஜெனீவா’, அதாவது ஜெனீவா ஏரி. பெயர் ஒத்தது தற்செயலே. எனினும் இவ்விரண்டு கதைகளின் பிறப்பிலும் நிகழ்ந்த செயல் ஒன்றுதான்: இருண்ட பருவத்தில் சிலர் கூடி அமர்ந்து, தனியாக எண்ணிப் பார்க்க அஞ்சும் ஒன்றைச் சேர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். அஞ்சுவதற்கென்று மனிதன் ஓர் இரவை ஒதுக்கியதன் பயன் அதுவே என்று நான் கருதுகிறேன். உங்களுக்கு அச்சம் தரும் எதையேனும் எதிர்கொள்ள நேர்ந்தால், துணைக்கு இருவரை அழைத்துக்கொள்ளுங்கள்; பிறகு ஹிக்மன் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? எதை விரும்புகிறது? எப்படி இந்நிலையை அடைந்தது?