மியூக்கி பாலத்துப் புகைப்படம்

போர்களின் வரலாறு வென்றோர் பெயராலும் மாண்டோர் எண்ணிக்கையாலும் எழுதப்படுவதே வழக்கம். உயிர் தப்பி எஞ்சியோர்க்கு அதில் இடம் குறைவு. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கும், நாகசாகியில் ஆகஸ்ட் 9 முற்பகல் 11.02 மணிக்கும் அணுகுண்டுகள் வெடித்தன. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000 பேருக்கு மேலும் மடிந்தனர். எஞ்சியோரை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்றழைத்தனர். குண்டுக்கு ஆட்பட்டோர் என்பது அதன் பொருள். அவர்தம் முகம் உலகின் கண்ணுக்கு எட்டிய வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு பாலமும், அங்கே எடுக்கப்பட்ட இரண்டு புகைப்படங்களும் நிற்கின்றன.

இருபத்து நான்கில் ஐந்து

யோஷிதோ மட்சுஷிகே ஹிரோஷிமாவின் 'சூகோக்கு ஷிம்புன்' நாளிதழின் புகைப்படக்காரர். அன்று அவருக்கு வயது 32. வெடித்த இடத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் வீட்டினின்றும் கருவியை எடுத்துக்கொண்டு நகரின் நடுப்பகுதி நோக்கி நடந்தார். தீ வழிமறித்தது. மியூக்கி பாலத்தை அடைந்தபோது, தோல் உரிந்து தொங்க, மாணவ மாணவியர் பலர் அங்கே குவிந்திருந்தனர். தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் பணிக்கு அழைத்து வரப்பட்ட சிறுவர் சிறுமியர் அவர்கள். காவலர் சிலர் அவர்களுடைய புண்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தனர்.

மட்சுஷிகே உடனே படம் எடுக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் தயங்கி நின்றார். பின்னர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு படம் எடுத்தார். சற்று முன்னே சென்று அடுத்த படத்துக்குக் கருவியைக் கண்ணில் வைத்தபோது, கண்ணீர் காட்சியை மறைத்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். பிற்பகலில் நகரின் நடுவே எரிந்து நின்ற டிராம் வண்டி ஒன்றைக் கண்டார். உள்ளே பயணிகள் இருந்தபடியே இறந்து கிடந்தனர். படிக்கட்டில் கால் வைத்தார், கருவியையும் உயர்த்தினார், ஆயினும் அவரால் படம் எடுக்க இயலவில்லை.

இருபத்து நான்கு படங்களுக்கான சுருள் அவர் கையில் இருந்தது. அவர் எடுத்தவை ஏழு, தேறியவை ஐந்து. இருட்டறை இல்லாமையால் இரவில் திறந்த வெளியில் படச்சுருளைக் கழுவி, மரக்கிளையில் உலர்த்தினார். குண்டு விழுந்த நாளன்று ஹிரோஷிமா நகரத்துக்குள் மக்கள் பட்ட துயருக்குச் சான்றாக நிற்பவை அந்த ஐந்து படங்களே.

கட்டளையும் தடையும்

நாகசாகியின் கதை வேறு. அங்கே யோசுகே யாமஹாட்டா என்னும் புகைப்படக்காரரை ராணுவமே அனுப்பியது. பகைவருக்கு எதிரான பிரசாரத்துக்கு உதவும் படங்கள் வேண்டும் என்பது கட்டளை. ஆகஸ்ட் 10 அன்று ஒரே பகலில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். சில நாள்களில் ஜப்பான் சரணடைந்தது, கட்டளையிட்ட ராணுவம் மறைந்தது, படங்கள் எஞ்சின. நாற்பத்தெட்டே வயதில், 1966இல், யாமஹாட்டா புற்றுநோயால் காலமானார்.

1945 செப்டம்பரில், ஜப்பானைக் கைக்கொண்ட நேசநாட்டு ஆட்சி பத்திரிகைத் தணிக்கை விதிகளைப் பிறப்பித்தது. அணுகுண்டின் கொடுமையைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் வெளிவர இயலாது போயின. 1952 ஏப்ரலில் அவ்வாட்சி முடிந்தது. ஆகஸ்ட் 6 அன்று 'அசாஹி கிராஃப்' இதழ் அப்படங்களை நாடெங்கும் கொண்டு சென்றது. அதுவரை ஏழாண்டுகள் எஞ்சியோர் பார்வைக்கு அப்பால் வாழ்ந்தனர். வேலை தேடியபோதும் மணம் பேசியபோதும் தம் ஊரையும் தழும்பையும் மறைக்க வேண்டிய நிலை அவர்களுட் பலர்க்கு நேர்ந்தது.

முகம் காட்ட மறுத்தோர்

1957இல் கென் டோமோன் ஹிரோஷிமாவுக்குச் சென்றார். குண்டு வெடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் மருத்துவமனைகளில் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததைக் கண்டு அதிர்ந்தார். 1958இல் வெளிவந்த அவருடைய 'ஹிரோஷிமா' என்னும் நூல், முடிந்துபோனதாகக் கருதப்பட்ட நிகழ்ச்சி மனித உடல்களில் தொடர்வதை எடுத்துக்காட்டியது.

1951இல் கல்வியாளர் அரத்தா ஒசாடா, குண்டுவீச்சில் தப்பிய சிறார் எழுதிய 105 கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தார். அச்சிறார் நடுவயதை நெருங்கிய காலத்தில் ஹிரோமி சுச்சிதா என்னும் புகைப்படக் கலைஞர் அவர்களைத் தேடிச் சென்றார். சிலர் இசைந்து கருவியின் முன் நின்றனர், சிலர் மறுத்தனர். மறுத்தோரைச் சுச்சிதா தம் பதிவினின்றும் நீக்கவில்லை, மறுப்பையும் பதிவாக்கினார். முகத்தைத் தருவதும் தராதிருப்பதும் துன்புற்றவரின் உரிமை என்பதை அவருடைய பணி ஏற்றுக்கொண்டது.

படத்திலிருந்து எழுந்தவர்

மியூக்கி பாலத்துப் படத்தில் பெரும்பாலோர் முதுகு காட்டியே உள்ளனர். பெயரற்ற கூட்டம் என்றே உலகம் அவர்களைக் கண்டது. அவர்களுள் தாமும் ஒருவர் என்று அடையாளம் கூறியவர் சுனாவோ சுபோய். அன்று அவர் இருபது வயது மாணவர். உடலெங்கும் தீப்புண்ணுடன் பாலத்தை அடைந்தவர், இனிப் பிழைப்பதில்லை என்றெண்ணி, தாம் இங்கே இறந்ததாகத் தரையில் சிறு கல்லால் எழுதினார். படக்கருவி அறியாத செய்தி இது. படம் எடுக்கப்பட்ட அதே இடத்தில், படத்துள் இருந்த ஒருவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டிருந்தார்.

சுபோய் இறக்கவில்லை. ஆசிரியரானார்; பல நோய்களோடு போராடினார்; 1956இல் தோன்றிய ஹிபாகுஷாக்களின் கூட்டமைப்பான 'நிஹோன் ஹிடாங்க்யோ'வின் தலைவர்களுள் ஒருவரானார். 2021இல், தம் 96ஆம் வயதில் காலமானார். அவ்வமைப்புக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததைக் காண அவர் இல்லை.

2025 மார்ச் இறுதியில் ஜப்பான் அரசின் பதிவேட்டில் இருந்த ஹிபாகுஷாக்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அவர்களின் சராசரி வயது 86. சான்று கூறும் குரல்கள் ஓய்ந்துவரும் காலத்தில், மியாக்கோ இஷியூச்சி போன்றோர் இறந்தோர் உடுத்திருந்த ஆடைகளைப் படமெடுத்தனர். கிழிந்த சட்டையின் பூவேலையும் தைத்த கையின் நேர்த்தியும் அப்படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. அணிந்தவர் ஒரு வீட்டின் பிள்ளை என்பது நினைவுக்கு வருகின்றது.

துன்பத்தைப் பாடப் புகும் கவிஞர்க்கும் இவ்வரலாறு உரியது. மட்சுஷிகே எடுத்த இரண்டு படங்களின் வலிமையில் அவர் தயங்கி நின்ற இருபது நிமிடங்களுக்கும் பங்குண்டு. அவை வெளியான பின்னரும், படத்தில் இருந்தோர் யார் என்று சொல்ல ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. சுபோய் தரையில் எழுதிய வரி அழிந்துவிட்டது. அவர் சொன்னதனால் அது நிலைத்திருக்கின்றது.